அதே படம்

உட்கார்ந்தாயிற்று. மாசிலாமணி வெள்ளைத் துணியை உதறி என் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டார். கை இரண்டும் துணிக்கு உள்ளே. ஃபோன் எனக்கு எதிரே, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில், பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கட்டிக்கும் நடுவில் சார்ஜர் வயரோடு செத்துக் கிடக்கிறது. நான் சவரம் பண்ணிக்கொள்ள வரவில்லை, ஃபோன் அணைந்துபோனதால் வந்தேன். கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா என்றுதான் கேட்டேன். "போடுங்க சார், அதுக்கு ஏன் வாசல்ல நிக்கிறீங்க, உக்காருங்க, மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு, மழிச்சுவிடுறேன்," என்றார். மறுக்கத் தெம்பில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஸ்கூட்டரில் திருச்சி முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறேன், ஒரு பெரியவரைத் தேடி. பெயர் சவரிமுத்து, வயது எழுபத்து நாலு, ஞாபக மறதி நோய் முற்றிய மனிதர். வியாழக்கிழமை விடியற்காலையில் உறையூர் வீட்டுக் கதவைத் தானாகத் திறந்துகொண்டு வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை. இன்று திங்கள். அக்னி நட்சத்திரம் வேறு. இந்த வெயிலில் திடகாத்திரமானவனே பத்து மணிக்கு மேல் நிழல் தேடுகிறான். அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, நேரில் பார்த்ததுகூட இல்லை. அவரைக் காணவில்லை என்று வந்த செய்தியைப் பொய் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அவ்வளவுதான் உறவு.

தண்ணீரைப் பீச்சுகிறார். கன்னத்தில் சில்லென்று இருக்கிறது, அது சுகமாக இருக்கிறது என்பதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அந்த மனுஷன் முகத்தில் யார் தண்ணீர் காட்டியிருப்பார்கள்? நாலு நிமிஷம். வெள்ளிக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டே செய்தேன், டம்ளர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பதிமூன்று வருஷமாக 'ஆதாரம் எங்கே' என்று ஒரு வலைப்பூ நடத்துகிறேன், கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் பையன்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டுகிற வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்குத்தான். வாட்ஸப்பில் வருகிற புரளிகளை, அற்புத மருந்துகளை, கிரகணத்தன்று செங்குத்தாக நிற்கிற உலக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கிருந்து வந்தது, யார் கிளப்பியது, ஏன் தப்பு என்று எழுதுவேன். முன்பெல்லாம் ஒரு பதிவுக்கு ஒரு வாரம் ஆகும். நூலகத்துக்குப் போவேன், டாக்டருக்குக் கடிதம் போடுவேன். இப்போது யாருக்கு அவ்வளவு பொறுமை? ஒரு படம், அதன் குறுக்கே சாய்வாகச் சிவப்பில் 'பொய்' என்று ஒரு முத்திரை, கீழே இரண்டு வரி. அதுதான் ஓடுகிறது. அதுதான் பரவுகிறது. நாற்பதாயிரம் பேர் அந்த முத்திரையை நம்புகிறார்கள், அதில் ஒருத்தர் இதோ, என் தாடையைப் பிடித்து முகத்தை வலப்பக்கம் திருப்புகிற இந்த மாசிலாமணி.

இந்த மனிதர்தான் அனுப்பினார். அதுதான் என்னைக் குடைகிறது. 'காணவில்லை, பார்த்தவர்கள் தகவல் தரவும்' என்று ஒரு படம், கீழே ஒரு செல் நம்பர், அதற்கும் கீழே மாசிலாமணி தன் கையால் அடித்த வரி, 'சார் இது உண்மையா பாத்து சொல்லுங்க'. படத்தில் ஒரு பெரியவர், நீலக் கட்டம் போட்ட சட்டை, தலை படிய வாரியிருக்கிறது, ஏதோ கல்யாண வீடு போல, பின்னால் வாழைமரத்தில் பாதி தெரிகிறது. அவர் தோளில் ஒரு கை. அந்தக் கைக்கு உரியவரை வெட்டிவிட்டார்கள், கை மட்டும் தங்கிவிட்டது. நான் அந்தக் கையைப் பார்த்தேன், வாழைமரத்தைப் பார்த்தேன், படத்தின் ஓரம் மங்கியிருப்பதைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனா? சத்தியமாக ஞாபகமில்லை. படத்தை இணையத்தில் போட்டுத் தேடினேன். சட்டென்று அகப்பட்டது, இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்ட் மாதம், அதே படம், அதே நீலச் சட்டை, அதே 'காணவில்லை'. அதற்கு மூன்று நாள் கழித்து ஒரு பெண் போட்டிருந்த பதிவு, 'அப்பா கிடைத்துவிட்டார், தயவுசெய்து இனி யாரும் பகிர வேண்டாம், எல்லோருக்கும் நன்றி.' அப்பாடா, கிடைத்தது ஆதாரம்! கைதட்டாத குறை. வழக்கமான கதைதானே, கிடைத்துவிட்ட ஆளை வருஷக்கணக்கில் தேடிக்கொண்டே இருப்பார்கள் நம் ஜனங்கள், பத்து வயதில் காணாமல் போன குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும், படம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முத்திரையை எடுத்துக் குத்தினேன். 'ஆறு வருடப் பழைய செய்தி. இவர் அப்போதே கிடைத்துவிட்டார். பகிராதீர்கள்.' மாசிலாமணிக்கும் தனியாக ஒரு பதில், 'பொய்'. கட்டை விரலை உயர்த்தி அனுப்பினார்.

அவர் இரண்டாம் தடவையும் தொலையலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒரு தடவை தொலைந்த மனிதர்தானே மறுபடி தொலைவார், அந்த நோயே அப்படித்தானே. இதை ஒரு பையன் ஆய்வகத்தில் செய்திருந்தால் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அதே படம் என்றால் அதே சம்பவம் என்று எந்த மடையன் சொன்னான்? வீட்டில் அவருக்கு இருந்த ஒரே நல்ல படம் அதுதானாம். மகள் அப்படித்தான் எழுதினாள். 'அப்பா போட்டோ எடுக்க விடமாட்டாங்க சார், என் கல்யாணத்துல எடுத்தது, தோள்ல இருக்கிறது எங்க அம்மா கை.' நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு வலைப்பூவின் பக்கத்துக்கு அந்தச் செய்தி வந்தது. ஜெசிந்தா என்று பெயர். 'சார், நீங்க பொய்னு போட்டது எங்க அப்பா. பழைய படம்தான், ஆனா வியாழக்கிழமை மறுபடி போயிட்டாங்க. உங்க படத்தைப் பாத்துட்டு எல்லா குரூப்லயும் நாங்க போட்டதை அழிச்சுட்டாங்க. எடுத்துடுங்க சார், கெஞ்சிக் கேக்குறேன்.' அதற்கு நான் என்ன பதில் போட்டேன்? வாயில் வரமாட்டேன் என்கிறது. 'ஆதாரம் அனுப்புங்கள்.' இரண்டே வார்த்தை. அப்பனைத் தொலைத்துவிட்டு நிற்கிற பெண்ணிடம் ரசீது கேட்டேன். அவளும் அனுப்பினாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த ரசீது, தேதியோடு முத்திரையோடு. ஆஸ்பத்திரிச் சீட்டு. அவருடைய ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும். ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கடைசியில், 'போதுமா சார்?' என்று கேட்டிருந்தாள்.

நுரை. வட்டம் வட்டமாகப் பிரஷ் சுற்றுகிறது, மூக்குக்குள் சோப்பு வாசனை ஏறுகிறது. "சார், ரொம்ப அலைச்சலா? கண்ணு செவந்து கெடக்கு," என்கிறார் மாசிலாமணி. "ம்," என்கிறேன், வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்பது நல்ல சாக்கு. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஆடுகின்றன. அதைப் பற்றி நான் எழுதிய பதிவை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதான் சார், ஆனா வீட்டம்மா கட்டி விட்டது, நீங்க வேணா அவுத்துப் பாருங்க, அப்புறம் எங்க வீட்ல நீங்கதான் பதில் சொல்லணும்," என்றவர். என்னைக் கிண்டல் செய்யத் தைரியமுள்ள ஒரே வாசகர். ரேடியோவில் யாரோ நகைக்கடைக்குக் கூப்பிடுகிறார்கள். வசுமதி இன்று காலை சொன்னாள், என் மனைவி, தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோபம்கூட இல்லாமல், "அதுலயே நம்பர் இருந்துச்சேங்க. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே." என் வலைப்பூவின் விதிமுறையில் மூன்றாவது, புரளியில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள், மோசடியாக இருக்கலாம். நான் எழுதிய விதி. நல்ல விதி. அதை விளக்கினேன், என் பெண்டாட்டிக்கு, காலை ஐந்தரை மணிக்கு, விதியை விளக்கினேன்! அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சரி, அந்தப் பதிவ எடுத்தாச்சா?" என்றாள். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

எடுக்கவில்லை. அதுதான் விஷயம். இன்னும் எடுக்கவில்லை. நேற்று ஆறு மணியிலிருந்து இன்று பதினோரு மணி வரைக்கும் பதினேழு மணி நேரம். திருத்தம் ஒன்று எழுத உட்கார்ந்தேன், ஏழு தடவை எழுதினேன். முதலில், 'கிடைத்த தகவல்களின் அடிப்படையில்' என்று ஆரம்பித்தது. அடுத்தது, 'படம் பழையது என்பது சரியே, எனினும்'. எனினுமாம்! படம் பழையது என்பதில் நான் சரி, மனிதர் தொலைந்ததில் மட்டும் கொஞ்சம் தப்பு. எங்கள் கொள்கை எதையும் அழிப்பதில்லை, திருத்தம்தான் போடுவோம், தவறை ஒளிக்கமாட்டோம் என்று பக்கத்தின் உச்சியிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன், அந்தக் கொள்கையைச் சாக்காக வைத்தே அழிக்காமல் இருந்தேன், திருத்தத்தை ஒழுங்காக எழுதவேண்டும் என்பதைச் சாக்காக வைத்தே எழுதாமலும் இருந்தேன். பயம். வேறொன்றுமில்லை, பச்சைப் பயம். பதிமூன்று வருஷமாக என் காலை வாரக் காத்திருக்கிற ஜோசியர்களும் கஷாயக்காரர்களும் என்ன ஆட்டம் ஆடுவார்கள்? 'ஒரு உயிரைக் கொன்ற பகுத்தறிவு' என்று போடுவார்கள். நாளைக்கு ஒரு தாயிடம் நான், குழந்தைக்கு அந்தச் சாம்பலைக் கொடுக்காதீர்கள் அம்மா, டாக்டரிடம் போங்கள் என்று சொன்னால், போடா, நீதானே அந்தக் கிழவரைப் பொய் என்றவன் என்பாள். கரூரிலிருந்து ஒருத்தி எழுதினாள், உங்களைப் படித்துத்தான் இன்சுலினை நிறுத்தாமல் இருந்தேன் என்று. அவளை நினைத்துக்கொண்டுதான் திருத்தத்தை நிறுத்தி வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். முத்திரை குத்த வேண்டிய பொய்.

கத்தி வந்துவிட்டது. புது பிளேடை உடைத்துச் சொருகுகிற சத்தம். காதுக்குக் கீழிருந்து இறங்குகிறது, சர், சர். ஆடாமல் இருக்கவேண்டும். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நான் கண்டுபிடித்துவிட்டால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண் முன்னால் நிறுத்திவிட்டால், திருத்தம் வேறு மாதிரி எழுதலாம். 'கிடைத்துவிட்டார்' என்று எழுதலாம். அதற்குத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். அவருக்காக இல்லை, எனக்காக. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன், ஜங்ஷனில் பார்த்தேன், ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்தவர்களின் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்து ஒருவரிடம் வசவு வாங்கினேன். அம்மா மண்டபத்தில் படித்துறையில் இறங்கி நின்றபோது ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகமாக இருந்தது, அதில் ஒரு ஆறுதல், உடனே அந்த ஆறுதலை நினைத்து வெட்கம். அங்கே ஒரு போலீஸ்காரர், "அடையாளம் தெரியாதது ஒண்ணு இருக்கு சார், ஆனா அது பொம்பள," என்றார் சாதாரணமாக. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாற்பது டீக்கடையிலாவது படத்தைக் காட்டியிருப்பேன். இரண்டு கடையில், "இது பொய்னு வந்துச்சே சார், பழசாம்," என்று எனக்கே சொன்னார்கள், ஒருவன் ஃபோனில் என் முத்திரையையே எடுத்து எனக்குக் காட்டினான். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எத்தனையோ பேரிடம் காட்டிய அந்தப் படத்தை இங்கே வந்து பத்து நிமிஷமாகியும் மாசிலாமணியிடம் காட்ட முடியவில்லை. கேட்டுப் பார்க்கலாம், நாலு ரோட்டு முக்கில் கடை வைத்திருக்கிறவர், புத்தூர் வழியாகப் போகிற முகம் எதுவும் இவருக்குத் தப்பாது. கேட்டால், அது உண்மையா சார் என்பார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்பார். கண்ணாடியில் வேறு பார்ப்பார். வேறு யாரிடம் வேண்டுமானாலும் தலைகுனியலாம், உண்மையா பாத்து சொல்லுங்க என்று கேட்ட ஆளிடம் எப்படி?

ஃபோனுக்கு உயிர் வந்துவிட்டது. பலகையில் துடிக்கிறது, டொர்ர், டொர்ர், படிகாரக் கட்டி அதிர்வில் நகர்கிறது. என் கை துணிக்குள் தன்னால் எழும்பியது. "ஆடாதீங்க சார், கத்தி கழுத்துல இருக்கு," என்றார். டொர்ர். யாராக இருக்கும்? கண்டுபிடித்துவிட்டார்களா? எப்படி? எந்த நிலையில்? எந்த நிலையில் என்று நினைத்ததும் ஆற்றுமணல், துணி மூடிய ஏதோ ஒன்று, நீலக் கட்டம் போட்ட சட்டை. வெளியே போகும்போது அந்தச் சட்டையா போட்டிருந்தார்? இல்லை, மகள் எழுதியிருந்தாளே, வெள்ளைச் சட்டை, காவி வேட்டி. "யாரு மாசிலாமணி, பாருங்களேன்," என்றேன். அவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார். "ஃபோன் இல்ல சார், உங்க வலைப்பூ பக்கத்துலேர்ந்து வருது. வெள்ளிக்கிழமை போட்டத இன்னும் நூத்தியெம்பது பேரு பகிர்ந்திருக்காங்களாம், இன்னிக்கு மட்டும்." பெருமையாகச் சிரித்தார், என்னவோ தன் வீட்டுப் பிள்ளை ரேங்க் வாங்கியது போல. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்குது சார். பெரிய ஆளு சார் நீங்க." மறுபடி கத்தியைக் கொண்டுவந்தார். அந்தக் கையை நான் பிடித்துவிட்டேன், துணிக்கு வெளியே என் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"மாசிலாமணி, அது பொய் இல்ல." "எது சார்?" "வெள்ளிக்கிழமை அனுப்புனீங்களே, அந்தப் பெரியவரு. நான் சொன்னது தப்பு. அவரு நெஜமாவே காணாமப் போயிட்டாரு. இன்னிக்கி அஞ்சாவது நாளு. காலையிலேர்ந்து அவரத்தான் தேடிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டேன். திட்டினால் தேவலை. அவர் கத்தியை இறக்கினார். தண்ணீர்க் கிண்ணத்தில் அதை மெதுவாக அலசினார், ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கண்ணாடியில் இல்லை, நேராக என்னைப் பார்த்துத் திரும்பி, "அந்த ஆளு இங்கதான் சார் உக்காந்திருந்தாரு," என்றார்.

"எங்க?" "இதே சேர்லதான். சனிக்கிழமை காலையில, கடையத் தொறந்த ஒடனே, மொத ஆளு." நான் எழுந்திருக்கப் பார்த்தேன், துணி கழுத்தை இழுத்தது. மாசிலாமணி பேசிக்கொண்டே போனார், என்னிடம் பேசுவது போல இல்லை, போலீஸ்காரரிடம் பேசுவது போல, கையைக் கட்டிக்கொண்டு. "வந்து உக்காந்தாரு, தாடி ரெண்டு நாள் தாடி. வேட்டியெல்லாம் புழுதி. பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு சார், மரியாதையான பேச்சு. மழிச்சு விடுப்பா, பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும், இப்புடிப் போனா சிஸ்டர் திட்டும்னாரு. எனக்குச் சிரிப்பு, இந்த வயசுல இவருக்கு என்ன பாப்பா, பேத்தியா இருக்கும்னு நெனச்சேன். மொகத்தப் பாக்கப் பாக்க எங்கேயோ பாத்த மொகமாவே இருக்கு. அப்புறம் பொறி தட்டுச்சு. ஃபோன எடுத்து அந்தப் படத்தப் பாத்தேன். அவரேதான் சார். நம்பரக்கூடப் போட்டுட்டேன், பச்சப் பட்டன அமுக்கல, அவ்வளவுதான்." "ஏன்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. "நீங்க பொய்னு சொல்லிட்டீங்கல்ல சார். அவரு எப்பவோ கெடச்சிட்டாருன்னு. சரி, அப்ப இது வேற ஆளு போல, நம்ம கண்ணுதான் ஏமாத்துதுன்னு நெனச்சுக்கிட்டேன். முந்தி ஒருதடவ எழுதியிருந்தீங்களே, எதிர்பாக்குற மொகத்தத்தான் கண்ணு காட்டும், கண்ணால பாத்தேன்னு சொல்றத மட்டும் நம்பாதீங்கன்னு. எனக்கு அது மனசுல நின்னு போச்சு சார். அதான் பேசாம மழிச்சு அனுப்பிட்டேன்." வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாராம். அவர் தலையில் கைவைத்து, நல்லா இரு என்று சொல்லிவிட்டு இடது பக்கமாகப் போனாராம், பீமநகர்ப் பக்கமாக.

நான் எழுதியதுதான். வார்த்தைக்கு வார்த்தை. நாலு வருஷம் முன்னால், சுவரில் தெரிந்த சாமி முகத்தைப் பற்றிய பதிவு அது, நல்ல பதிவு, இன்றைக்கும் அதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. சந்தேகப்படு என்று சொல்லிக் கொடுத்தேன், இந்த மனிதர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார், தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டார், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், என்னைத் தவிர. அதைச் சொல்லிக் கொடுக்க விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை. அதற்குப் பிறகு இரண்டு முழு வெயில். "நம்பர் இன்னும் இருக்கா?" என்றேன். மாசிலாமணி தன் ஃபோனை எடுத்து, சனிக்கிழமை அமுக்காமல் விட்ட பச்சைப் பட்டனை அமுக்கி, என் காதில் வைத்தார். அவர் கையில் இருந்த ஈரம் என் காதில் பட்டது.

ஒரே மணியில் எடுத்தாள். "சொல்லுங்க." குரல் அடியோடு கரகரத்துப் போயிருந்தது. "அம்மா, உங்க அப்பாவ சனிக்கிழமை காலையில புத்தூர் நாலு ரோட்டுல பாத்திருக்காங்க," என்றேன். அழுவாள், கத்துவாள், எங்கே எங்கே என்பாள் என்று நினைத்தேன். அவள் சலிப்பாக, "உங்களோட பதினாறு பேரு ஆச்சுங்க. ஒருத்தன் தஞ்சாவூர்ல பாத்தேன்னான், நைட்டோட நைட்டா ஓடுனோம். ஒருத்தன் பணம் போட்டாத்தான் எடத்தச் சொல்லுவேன்னான். எப்புடிங்க நம்புறது? அந்தப் படத்துல தெரியாதது எதாச்சும் அப்பாகிட்ட பாத்திருந்தா சொல்லுங்க, இல்லேன்னா வெச்சிருங்க," என்றாள். என்னிடம் என்ன இருக்கிறது? பதிமூன்று வருஷத்தில் எத்தனை பேரை இதே கேள்வி கேட்டு வாயடைக்க வைத்திருக்கிறேன். ஃபோனைப் பொத்திக்கொண்டு மாசிலாமணியைப் பார்த்தேன், "படத்துல இல்லாத அடையாளம் ஏதாவது கேக்குறாங்க." மாசிலாமணி யோசிக்கவே இல்லை. தன் வலது கையின் இரண்டு விரலால் என் தாடைக்கு அடியில், நுரைக்கு உள்ளே, இடது பக்கம் தொட்டுக் காட்டினார். "இந்த எடத்துல ஒரு பழைய வெட்டுக் காயம் சார், மறைவான தழும்பு, பார்வைக்குத் தெரியாது. கத்தி போறப்ப மேடு தட்டுச்சு. நான் சுத்திக்கிட்டுப் போனேன். கண்ணு வேணா ஏமாத்தும் சார், கை ஏமாத்தாது."

அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம், தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது போல. பிறகு யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள், "ஏங்க, வண்டிய எடுங்க, அப்பாதான், அப்பாவேதான்!" எங்கே போகிறேன் என்று சொன்னார் என்று கேட்டாள். பாப்பாவை ஸ்கூலிலிருந்து கூட்டிவர என்று சொன்னேன். "பாப்பா நான்தாங்க. பீமநகர்ல படிச்சேன். அந்த ஸ்கூல இடிச்சுப் பதினஞ்சு வருசம் ஆச்சு. பின்னாடி மாதா சிலை வெச்ச கெபி மட்டும் இருக்கும், குகை மாதிரி, புங்க மரம் இருக்கும், தண்ணிக் கொழாய் இருக்கும். நான் வர்ற வரைக்கும் அங்கதான் உக்காந்திருப்பாரு, மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாரு, நானே போய்க் கையப் புடிச்சாத்தான்." ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் வைத்துவிடலாம். அவளுக்கு இது மாசிலாமணியின் நம்பர். யாரோ ஒரு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள். விரல் சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் போய்விட்டது, சத்தியமாகப் போய்விட்டது. "நல்லா இருப்பீங்க சார், நீங்க யாரு பேசுறது, பேரு என்ன?" என்றாள்.

"பரணிதரன்," என்றேன். அது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மாசிலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆதாரம் எங்கே நடத்துறவன்மா. உங்க அப்பாவ பொய்னு போட்டவன் நான்தான்." ஆட்டோ ஓடுகிற சத்தம். ஹாரன் சத்தம். அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன், அதற்கு எனக்குத் தகுதி உண்டு, கேட்டுக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவள் திட்டவில்லை. "அது இன்னும் அப்படியேதான் இருக்கு சார்," என்றாள். "இப்பகூடப் பாத்தேன். பீமநகர்க்காரங்களும் அத நம்பியிருப்பாங்கல்ல. ரெண்டு நாளா அவரு அங்க உக்காந்திருந்தாலும் ஒருத்தரும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்கல்ல." வைத்துவிட்டாள்.

என் ஃபோனை வயரிலிருந்து பிடுங்கினேன், பதினொரு சதவீதம். முதலில் வெள்ளிக்கிழமைப் பதிவை அழித்தேன், கொள்கையாவது மண்ணாவது. பிறகு அந்த நீலச் சட்டைப் படத்தை முத்திரை இல்லாமல் எடுத்துப் போட்டு எழுதினேன். 'இவர் சவரிமுத்து. வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. இது உண்மை. நான் விசாரிக்காமல் பொய் என்று போட்டேன், தப்பு என்னுடையது. பீமநகர்ப் பக்கம் இருப்பவர்கள் உடனே மாதா கெபியில் போய்ப் பாருங்கள், தண்ணீர் கொடுங்கள், மகள் வந்துகொண்டிருக்கிறாள்.' அவள் நம்பர். 'எனினும்' இல்லை, 'அடிப்படையில்' இல்லை. அனுப்பிவிட்டு மணியைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினேழு மணி நேரம் நான் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தது இதைத்தான். கழுத்து முடிச்சை நானே அவிழ்த்தேன். "சார், இன்னொரு பக்கம்," என்று ஆரம்பித்த மாசிலாமணி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை உதறி, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, எனக்கு முன்னால் போய் ஸ்கூட்டரில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு காய்ந்து இழுக்க, இடது பக்கமாக வண்டியைத் திருப்பினேன். வெயிலில் கண் கூசியது. "அவருதானான்னு நான் பாத்துச் சொல்றேன் சார்," என்றார் மாசிலாமணி பின்னாலிருந்து. "நீங்க ஓட்டுங்க."